பகல்விளக்கும் பொதுவழியும்: மட்டாஞ்சேரியிலிருந்து சில ஒருநாள் பயணங்கள்

மட்டாஞ்சேரிப் படகுத்துறையை ஒட்டிய தெருக்களில் நடப்பவர் கண்ணில் இன்று முதலில் படுவன பயண விளம்பரப் பலகைகள். கடற்கரைக்கு ஒரு நாள், மலைக்கு ஒரு நாள், கோயில்களுக்கு ஒரு நாள் என்று அவை கொச்சியின் சுற்றுப்புறத்தை மூன்றாகப் பகுத்து வைத்திருக்கின்றன. செராய்க் கடற்கரை, மூணாறு மலை, வைக்கம், சேந்தமங்கலம், கொடுங்கல்லூர் ஆகிய பெயர்கள் எல்லாப் பலகைகளிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பலாம், வழியில் உணவு உண்டு, கட்டணம் இவ்வளவு. ஊர்களின் தொன்மையைப் பற்றி ஓரிரு வரிகளும் இருக்கும். அவ்வூர்களுக்குச் செல்லும் வழியைப் பற்றி ஒரு சொல்லும் இராது.

வரலாறு பயிலும் மாணவர்களை இப்பகுதிக்கு அழைத்துச் செல்லும்போது ஒவ்வொரு முறையும் ஒரு காட்சியைக் காண நேர்கிறது. கோயில் வாயிலில் ‘இந்துக்கள் அல்லாதார்க்கு அனுமதி இல்லை’ என்ற பலகையைக் கண்டு குழுவில் ஓரிருவர் தாமாகவே பின்தங்கி, எதிர்ப்புறத் தேநீர்க்கடையில் அமர்ந்துவிடுவர். மற்றவர்கள் உள்ளே சென்று கல்வெட்டைப் பார்த்துவிட்டு வருவர். அப்படிக் கடையில் காத்திருந்த மாணவி ஒருவர் பின்னர் என்னிடம் கேட்டார்: “இந்தக் கடைவரை வருவதற்கு எப்போதும் எல்லோருக்கும் உரிமை இருந்ததா, ஐயா?” இக்கட்டுரை அக்கேள்விக்கான விடை. கொச்சியைச் சுற்றிய ஒருநாள் பயணங்களின் வரலாறு, உண்மையில், வழியில் நடக்கும் உரிமையின் வரலாறாகும். அதற்கான சான்றுகளில் மிகப் பழையது மட்டாஞ்சேரியிலேயே இருக்கிறது.

1. செப்பேடு

மட்டாஞ்சேரி யூதர் தெருவின் முடிவில் நிற்கும் பரதேசி யூதக்கோயில் 1568இல் கட்டப்பட்டது. தமிழில் ‘பரதேசி’ என்றால் இரந்து திரிபவர் என்ற பொருளே இன்று முன்நிற்கிறது. இங்கு அச்சொல் தன் மூலப்பொருளில், பிறநாட்டிலிருந்து வந்தவர் என்று வழங்குகிறது. சீனத்து ஓடுகள் பாவிய தரையையும் கண்ணாடி விளக்குகளையும் காண வருவோர் பலர். அச்சமூகம் காத்துவரும் செப்பேட்டைப் பற்றி அறிந்து வருவோர் சிலர்.

ஏறத்தாழ கி.பி. 1000இல் சேரமான் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபோது இசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு வழங்கிய ஆவணம் அது. வட்டெழுத்தில், இடையிடையே கிரந்தம் கலந்து எழுதப்பட்டது. அதன் மொழியைப் பழந்தமிழின் மேலைக்கடற்கரை வழக்கு என்பாரும், மலையாளத்தின் தொடக்க வடிவம் என்பாரும் உள்ளனர். எவ்வாறாயினும், வட்டெழுத்து கற்ற தமிழ் மாணவர் ஒருவர் பெருமுயற்சியின்றிப் பொருள் கொள்ளக்கூடிய ஆவணம் அது.

அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையும் எழுபத்திரண்டு சிறப்புரிமைகளும் இரப்பானுக்கும் அவன் வழியினர்க்கும் அளிக்கப்படுகின்றன. உல்கும் துலாக்கூலியும் நீக்கப்படுகின்றன. பெயர் குறித்துச் சொல்லப்படும் உரிமைகளில் பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் ஆகியவை அடங்கும். இப்பட்டியலை நாம் பொதுவாக ‘அரச மரியாதைகள்’ என்று கூறிக் கடந்துவிடுகிறோம். சற்று நின்று பார்த்தால் இவற்றுள் பெரும்பாலானவை ஒருவர் வழியில் எப்படிச் செல்லலாம் என்பதைப் பற்றியவை என்பது புலப்படும். பகலிலும் முன்னே விளக்கேந்திச் செல்லலாம். கால் மண்ணில் படாமல் துணி விரித்து நடக்கலாம். பல்லக்கில் ஏறிச் செல்லலாம். வெயிலுக்குக் குடை பிடிக்கலாம். வருகையைப் பறையும் காளமும் அறிவிக்கலாம்.

உரிமை ஒருவனுக்குச் செப்பில் எழுதித் தரப்படுகிறதென்றால் அது பிறர்க்கு இயல்பாக இல்லை என்பதே பொருள். குடை பிடிக்கும் உரிமை ஆவணத்தில் இடம்பெறும் நாட்டில், குடையின்றி நடக்க வேண்டியவர்களும் இருந்தனர். வழியைவிட்டே விலகி நடக்க வேண்டியவர்களும் இருந்தனர். அவர்களுக்குச் செப்பேடு இல்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் அவர்கள் நடத்திய போராட்டங்கள், இன்றைய சுற்றுலாப் பலகைகளில் உள்ள அதே ஊர்களில் நிகழ்ந்தன.

முயிரிக்கோடு கொடுங்கல்லூர்ப் பகுதியைச் சுட்டுவதாகவே பெரும்பாலான அறிஞர் கொள்வர். அங்கிருந்த யூதர்கள் பல கட்டங்களாகக் கொச்சிக்கு இடம்பெயர்ந்தனர். 1341இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து கொடுங்கல்லூர் முகத்துவாரம் தூர்ந்தது, கொச்சி முகத்துவாரம் விரிந்தது, வைப்பின் தீவு உருவானது என்பது மரபுச் செய்தி. வைப்பின் தோன்றியதை முதலாண்டாகக் கொண்ட புதுவைப்பு என்னும் ஆண்டுக்கணக்கும் வழங்கியது. கொச்சங்காடியில் 1344இல் கட்டப்பட்ட யூதக்கோயில் ஒன்றின் எபிரேயக் கல்வெட்டு இன்று பரதேசி யூதக்கோயிலின் சுற்றுச்சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளம் வந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கும் அக்கல்லுக்கும் இடையே மூன்று ஆண்டுகளே உள்ளன. ஆறு வழி மாறியபோது வணிகரும் வழி மாறினர் என்று கொள்வதற்கு அது இடமளிக்கிறது.

இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. செப்பேட்டால் பெருமை பெற்ற அதே சமூகத்தின் உள்ளே, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள் பரதேசி யூதக்கோயிலில் சமமாக நடத்தப்படவில்லை. அவர்கள் முன்கூடத்தில் அமர வேண்டும். திருமறைச் சுருளை வாசிக்க அழைக்கப்படுவதில்லை. அவ்வழியில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) காந்திய முறையில் யூதக்கோயிலின் உள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். 1940களில் தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. இன்று யூதக்கோயிலுக்குச் செல்லும் தெரு அவர் பெயரைத் தாங்குகிறது. பயணிகள் அப்பெயரைத் தமிழகத்து ஊர்ப்பெயர் என எண்ணிக் கடந்து செல்கின்றனர்.

2. காயலும் கடற்கரையும்

கொச்சியிலிருந்து கடற்கரைப் பயணம் என்றால் வைப்பின் தீவின் வடகோடியை அடுத்த செராய்தான். அங்குச் செல்லக் காயலைக் கடக்க வேண்டும். மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் இடைப்பட்ட இந்நீர்ப்பரப்பில் இன்று சுற்றுலாப் படகுகளும், 2023இல் தொடங்கிய நீர்வழி மெட்ரோவும் செல்கின்றன. ஆங்கிலப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920இல் வந்து முகத்துவாரத்து மணல்திட்டை அகழ்வித்து, அகழ்ந்த மண்ணைக் கொண்டே வெலிங்டன் தீவை எழுப்பியதும் இந்நீரில்தான். இவை வழிகாட்டிகள் சொல்லும் செய்திகள்.

அவர்கள் சொல்லாத செய்தி 1913ஆம் ஆண்டினது. அப்போது எர்ணாகுளத்தின் பொதுவழிகளில் புலையர்கள் நடக்கவும் அங்கே கூட்டம் கூடவும் இடமில்லை. நிலம் எங்கும் யாருக்கோ உரியது. அங்கே கூடினால் தீட்டு என்பர். எனவே மீனவச் சமூகத்தில் பிறந்த கவிஞர் பண்டிட் கே. பி. கருப்பனின் வழிகாட்டலில் அவர்கள் படகுகளை ஒன்றோடொன்று பிணைத்துக் காயலின் நடுவே மாநாடு நடத்தினர். நீருக்குத் தீட்டு விதிப்பார் இல்லை. ‘காயல் சம்மேளனம்’ என்று கேரள வரலாற்றில் அது பெயர் பெற்றது. நிலத்தில் கால் வைக்க இடமற்றவர்கள் நீரை அவைக்களமாக்கிய நிகழ்வுகள் உலக வரலாற்றில் அதிகமில்லை. படகுச் சவாரியின்போது ஐந்து நிமிடம் இதை மாணவர்க்குச் சொன்னால் போதும். பின்னர் அந்நீரை அவர்கள் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

செராய்க் கடற்கரைக்குச் சற்று முன்னே கௌரீசுவரர் கோயில் உள்ளது. முருகனுக்குரிய இக்கோயிலை ‘மலையாளப் பழனி’ என்பர். 1912இல் நாராயண குரு இதனை நிறுவினார். பிற கோயில்களின் வாயில் தமக்கு அடைக்கப்பட்டிருந்த ஈழவர்கள் தாமே தமக்கெனக் கட்டிக்கொண்ட கோயில்களில் இதுவும் ஒன்று. ஐந்தாண்டுகள் கழித்து, 1917 மே 29 அன்று, இதே செராயில் பிறந்த ஈழவ இளைஞர் கே. அய்யப்பன், புலையர்களை அழைத்துத் தம் சாதியாரோடு ஒருங்கே உண்ணச் செய்தார். ‘மிசிரபோசனம்’ என்னும் அச்சமபந்தி விருந்துக்காக அவரை ஒதுக்கிவைத்தவர்கள் அவருடைய சொந்தச் சமூகத்தாரே. ‘புலையன் அய்யப்பன்’ என்று இழித்துரைத்தனர். அவர் அப்பெயரைப் பெருமையாக ஏற்றார். பின்னாளில் ‘சகோதரன் அய்யப்பன்’ என்று நாடறிந்தார்.

இதில் மாணவர்கள் கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கதவடைக்கப்பட்டவர்கள் புதிய கோயில் கட்டியதும், அவர்களே தமக்குக் கீழிருந்தவர்க்குப் பந்தியை மறுத்ததும் ஐந்தாண்டு இடைவெளியில், ஒரே ஊரில் நிகழ்ந்தன. சாதியை ஒரு படிக்கட்டாக உவமிப்பது வழக்கம். அப்படிக்கட்டில் ஒவ்வொருவரும் மேற்படியில் நிற்பவரோடு போராடினாலும், தம் கீழ்ப்படியைக் காக்க முனைந்தனர் என்பதற்குச் செராயைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. அதே ஊரில் அதை உடைக்க ஒருவர் எழுந்தார் என்பதும் அச்சான்றின் பகுதியே.

வைப்பின் மக்களுக்கு வழி என்பது வேறொரு பொருளிலும் நெடுங்காலம் ஏக்கமாக இருந்தது. கோசிறிப் பாலங்கள் 2004இல் திறக்கப்படும்வரை மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் எர்ணாகுளம் செல்ல அவர்கள் படகையே நம்பியிருந்தனர். இன்று பயணிகளின் சிற்றுந்து அரைமணியில் தாண்டிச் செல்லும் தூரம், ஒரு தலைமுறைக்கு முன் கடைசிப் படகின் நேரத்தால் அளக்கப்பட்டது.

3. தெற்கே ஒரு கோயில்

கோயில் பயணங்களில் தென்திசைக்கு உரியது வைக்கம். மகாதேவர் கோயிலின் அட்டமிப் பெருவிழா புகழ்பெற்றது. தமிழ் வாசகர்க்கு அவ்வூரின் பெயர் வேறு காரணத்தால் நெருக்கமானது.

வைக்கம் அறப்போர் கோயில் நுழைவுக்கானது எனத் தமிழகத்துப் பாடநூல் படித்தவர்களிலும் பலர் கருதுகின்றனர். அது பிழை. 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய அப்போராட்டம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்கானது. அத்தெருக்களின் முகப்பில் தீண்டல் பலகைகள் நடப்பட்டிருந்தன. நாள்தோறும் மூவர் அப்பலகையைத் தாண்ட முயன்று கைதாயினர். முதல் நாளில் சென்ற மூவரில் குஞ்ஞாப்பி புலையர், பாகுலேயன் ஈழவர், கோவிந்தப் பணிக்கர் நாயர். டி. கே. மாதவன், கே. பி. கேசவமேனன், ஜார்ஜ் ஜோசப் முதலிய தலைவர்கள் அடுத்தடுத்துச் சிறைப்பட்டபின் அழைப்பு ஈரோட்டுக்கு வந்தது. 1924 ஏப்ரலில் பெரியார் ஈ.வெ.ரா. வைக்கம் வந்தார்; இருமுறை சிறை சென்றார். நாகம்மையாரும் களத்தில் நின்றார்.

அவ்வாண்டு ஜூலையில் கேரளம் கண்ட பெருவெள்ளத்தின்போதும் சத்தியாகிரகிகள் தடுப்பின் முன் தேங்கிய நீரில் நின்று முறைமாற்றிப் போராட்டத்தைத் தொடர்ந்தனர். 1925 மார்ச்சில் காந்தி வந்தார். எதிர்த்தரப்பின் தலைவரான இண்டந்துருத்தி நம்பூதிரியைக் காணச் சென்றபோது, இல்லத்தின் உள்ளே அவர் அனுமதிக்கப்படவில்லை. தனியே அமைத்த இடத்திலிருந்தே பேசினார். காந்தியையே உள்ளே விடாத அவ்வீடு இன்று கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகமாக இருக்கிறது. வைக்கம் செல்வோர் கோயிலோடு அவ்வீட்டையும் பார்த்துவிட்டு வருதல் நன்று.

1925 நவம்பரில் போராட்டம் உடன்பாட்டில் முடிந்தது. வடக்கு, தெற்கு, மேற்குத் தெருக்கள் அனைவர்க்கும் திறக்கப்பட்டன. கீழைத்தெரு திறக்கப்படவில்லை. இருபது மாதப் போராட்டத்தின் பயன் முக்கால் வட்டம். எஞ்சிய கால் வட்டத்துக்கும், கோயிலின் உட்புறத்துக்கும் 1936 நவம்பர் 12ஆம் நாளின் திருவிதாங்கூர்க் கோயில் நுழைவுப் பிரகடனம் வரவேண்டியிருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் நிகழ்ந்த நுழைவை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். பெரியார் நினைவகம் வைக்கத்தில் புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பரில் இரு மாநில முதல்வர்களும் கூடித் திறந்துவைத்தனர். கோயிலுக்கு வரும் ஒருநாள் பயணிகளின் நேர அட்டவணையில் அந்நினைவகத்துக்கு இடமிருக்கிறதா என்பதை ஒவ்வொரு குழுவும் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

4. வடக்கே இரண்டு அரசுகள்

வடக்கு நோக்கிய பயணத்தில் பறவூரும் சேந்தமங்கலமும் கொடுங்கல்லூரும் அடுத்தடுத்து வருகின்றன. பறவூரை அடுத்த பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளில் மத்தியதரைக்கடல் பகுதியின் மதுச்சாடித் துண்டுகள், மணிகள், மரத்தோணி, மிளகு ஆகியவை கிடைத்தன. ‘அமண’ என்று ஐராவதம் மகாதேவன் படித்த தமிழ்ப் பிராமி ஓடும் அவற்றுள் ஒன்று. இதுவே முசிறி எனத் துணிவோர் உளர். போதிய சான்றில்லை என மறுப்போரும் உளர். கொடுங்கல்லூரில் சேரமான் பறம்பில் 1940களிலும் பின்னர் 1960களிலும் நடந்த அகழாய்வுகள் சங்க காலத்தை எட்டும் தடயங்களைத் தரவில்லை என்பதையும் இவ்விடத்தில் நினைவில் வைக்க வேண்டும். சேரர் தலைநகர் வஞ்சி கொடுங்கல்லூரா, கரூரா என்ற நீண்ட வழக்கில், புகளூர்க் கல்வெட்டுகளும் அமராவதி ஆற்றுப்படுகைக் காசுகளும் கரூருக்கு வலுச் சேர்க்கின்றன. ‘நம் வஞ்சி’ என்று பேருந்தில் முழங்குவதற்கு முன் மாணவர்கள் இதை அறிந்திருப்பது நலம்.

நம் பொருளுக்கு இன்றியமையாத ஊர் சேந்தமங்கலம். கொச்சி அரசின் முதலமைச்சர்களாக வழிவழி விளங்கிய பாலியத்து அச்சன்களின் மாளிகை அங்குள்ளது. இன்று அது அருங்காட்சியகம். அதன் முன்னே செல்லும் சாலை கீழ்ச்சாதியார்க்கு மூடப்பட்டிருந்தது. நாடு விடுதலை பெற்ற நான்கு மாதங்களுக்குள், 1947 டிசம்பர் 4 அன்று, அச்சாலையைத் திறக்கக் கோரிப் பாலியம் சத்தியாகிரகம் தொடங்கிற்று. சி. கேசவன் தொடங்கிவைத்தார். பொதுவுடைமையர், ஈழவ, புலைய அமைப்பினர், உயர்சாதியினரிலும் பலர் பங்குகொண்டனர். காவலர் தாக்குதலில் ஏ. ஜி. வேலாயுதன் உயிரிழந்தார். ஒரு நாட்டின் கொடி ஏறியபின்னும் ஓர் ஊரின் சாலை திறக்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

நிலவியலை உற்றுநோக்கினால் இது மேலும் விளங்கும். பறவூர் திருவிதாங்கூருக்கு உரியது. சேந்தமங்கலமும் கொடுங்கல்லூரும் கொச்சிக்கு உரியவை. இரண்டுக்கும் இடையே சில கல் தொலைவுதான். திருவிதாங்கூர் 1936இல் கோயில்களைத் திறந்தது. கொச்சியில் கோயில் நுழைவு 1948இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆக, பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே மனிதர் பறவூரில் கோயிலுக்குள் செல்லலாம். ஆற்றைக் கடந்து சேந்தமங்கலம் வந்தால் மாளிகைச் சாலையில்கூட நடக்கலாகாது. தீட்டு என்பது உடம்பிலோ பிறப்பிலோ இருந்ததெனில் அது ஆற்றின் நடுவே நீங்கியதும் மறுகரையில் ஒட்டிக்கொண்டதும் எப்படி? இவ்வொரு கேள்வி, சாதி குறித்த பல நூல்களின் விளக்கத்துக்கு நிகரானது.

கொடுங்கல்லூரில் திருவஞ்சைக்களம். மலைநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஒரே தலம் இது, பாடியவர் சுந்தரர். அவரும் சேரமான் பெருமாள் நாயனாரும் இங்கிருந்தே வெள்ளானையிலும் குதிரையிலும் கயிலை சென்றனர் என்பது பெரியபுராண மரபு. ஆடிச் சுவாதியில் கொங்குநாட்டு அடியார்கள் இன்றும் இங்கு வந்து விழா எடுக்கின்றனர். பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த பழைய அடியார்களின் தடம் அது. அவ்வழியின் இடரும் மரபில் பதிவாகியிருக்கிறது: சேரமான் அளித்த பொருளோடு திரும்பிய சுந்தரரை அவிநாசியை அடுத்த திருமுருகன்பூண்டியில் வேடர் வடிவில் வந்தோர் வழிப்பறி செய்தனர் என்று புராணம் கூறும். 1902இல் சொரனூர்–எர்ணாகுளம் இருப்புப்பாதை திறந்தபின் அந்நெடும்பயணம் எளிதாயிற்று. ஆயினும் தொடர்வண்டியில் வந்திறங்கிய அடியார் எல்லோரும் கோயிலுள் செல்லும் காலம் 1948க்குப் பின்னரே வந்தது.

திருவஞ்சைக்களத்திலிருந்து சிறிது தொலைவில் சேரமான் ஜும்மா பள்ளிவாசல். கி.பி. 629இல் நிறுவப்பட்டதென்பது அதன் மரபு. அவ்வாண்டை ஏற்க வரலாற்றாய்வாளர் பலர் தயங்குவர். அங்கே சொல்லப்படும் கதையில் சேரமான் பெருமாள் மக்காவுக்குப் பயணமாகிறார். ஒரே பெயருடைய அரசன் ஒரு கதையில் வடக்கே பனிமலைக்கும், மற்றொரு கதையில் மேற்கே கடல்கடந்தும் செல்கிறான். எது நடந்தது என்று வழக்காடுவதில் பயனில்லை. ஓர் ஊரின் இரு சமூகங்களும் தத்தம் தொடக்கத்தை ஓர் அரசனின் பயணத்தில் வைத்திருக்கின்றன என்பதே நமக்குக் கிடைக்கும் வரலாற்றுச் செய்தி.

5. மலை

மூன்றாவது மலைப்பயணம். கொச்சியிலிருந்து மூணாறு ஏறத்தாழ 130 கி.மீ. விடியலில் புறப்பட்டு இரவில் திரும்பும் குழுக்கள் நாள்தோறும் செல்கின்றன. வைக்கத்துச் சத்தியாகிரகிகள் நீரில் நின்ற அதே 1924 வெள்ளம்தான் ஆலுவாயிலிருந்து பூயங்குட்டி வழியாகச் சென்ற பழைய மூணாற்றுச் சாலையையும், குண்டளைப் பள்ளத்தாக்குச் சிற்றிருப்புப்பாதையையும் அழித்தது. இன்றைய சாலை நேரியமங்கலம் வழியாகச் செல்வது அதன் விளைவு. நேரியமங்கலம் பாலம் 1935இல் திறக்கப்பட்டது.

தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியவர்கள் இச்சாலையில் வந்தவர்களல்லர். தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து போடி வழியாகக் கால்நடையாக மலையேறிய குடும்பங்கள் அவை. அவற்றுள் பெரும்பாலானவை ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவை. பயணிகள் நின்று படமெடுக்கும் பசுஞ்சரிவுகளில் கொழுந்து கிள்ளுவோர் அவர்தம் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும். 2015 செப்டம்பரில் அப்பெண்கள் ‘பெண்பிளை ஒருமை’ என்று திரண்டு, கூலி உயர்வும் ஊக்கத்தொகையும் கேட்டுக் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைமைகளையும் ஒதுக்கிவைத்த போராட்டம் அது. அந்நாள்களில் மூணாறு சென்ற சுற்றுலா வண்டிகள் வழியில் நின்றன. பல பயணிகள் அம்மலையில் மனிதர் வாழ்வதை அன்றே முதன்முதலாகக் கண்டிருப்பர்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயக் குடியிருப்புகள் புதையுண்டன. மாண்டவரும் காணாமற் போனவரும் எழுபது பேர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளும். தலைமுறை தலைமுறையாக உழைத்தும் சொந்த நிலமின்றி, வேலை இருக்கும்வரை மட்டுமே உரிய ஓரறை வீடுகளில் வாழ்ந்தவர்கள். வழி திறந்த பின்னும் நிலம் திறக்கவில்லை. வைக்கத்துக் கால் வட்டம்போல் இதுவும் எஞ்சி நிற்கும் பகுதி.

6. திரும்புதல்

மாலையில் வண்டி மட்டாஞ்சேரி திரும்பும். இன்னும் சிறிது வெளிச்சம் இருந்தால், கோட்டைக்கொச்சி வேளியில் உள்ள வண்ணான்துறைக்குச் செல்லுமாறு மாணவர்க்குக் கூறுவேன். டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழியினர் அங்குத் தொழில் செய்கின்றனர் என்பது அவர்கள் சொல்லிவரும் வரலாறு. துவைகற்கள் வரிசையாக இருக்கும். கஞ்சி போட்ட துணிகள், முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே செருகப்பட்டுக் காற்றில் ஆடும். கவ்வி தேவைப்படாத பழைய முறை அது. பயணிகள் படமெடுத்துவிட்டுச் செல்வர். தமிழில் ஒரு சொல் பேசினால் அங்கிருப்போர் தமிழிலேயே விடை தருவர்.

செப்பேட்டில் இரப்பானுக்கு அளிக்கப்பட்ட உரிமைகளில் ஒன்று, நடக்கும் வழியில் துணி விரித்தல். அத்துணியை வெளுத்து விரித்த கைகள் எவருடையவை என்று செப்பேடு கூறாது. மாற்று விரிப்பது தமிழ்நாட்டிலும் மலையாள நாட்டிலும் வண்ணார்க்கு உரிய பணியாக இருந்ததை நாம் அறிவோம். பாவாடைமேல் நடந்தவரின் பெயர் ஆயிரம் ஆண்டாகக் காக்கப்படுகிறது. விரித்தவர்க்குப் பெயர் இல்லை.

அம்மாணவியின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். அந்தத் தேநீர்க்கடைவரை எல்லோரும் வரும் உரிமை எப்போதும் இருந்ததன்று. சில ஊர்களில் அது நூறாண்டுப் பழமையுடையது. கொச்சி அரசின் எல்லைக்குள் எண்பதாண்டுகூட நிறையவில்லை. அதைப் பெற்றுத்தந்தவர்கள் காயலில் படகு கட்டியவர்கள், பந்தியில் அருகமர்ந்தவர்கள், பலகையைத் தாண்டியவர்கள், சாலையில் அடிபட்டு மாண்டவர்கள். கடையிலிருந்து கோயில் வாயில்வரை உள்ள சில அடிகள் இன்னும் சிலர்க்கு மூடியே இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்பகுதிக்குக் களப்பயணம் செல்லும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் இடத்திலும் அதன் காலத்தையும் கட்டடக்கலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் கீழே ஒரு வரி விட்டு, அங்கே வந்துசேர்ந்த வழியைப் பற்றி மூன்று செய்திகளை எழுதுங்கள்: இவ்வழியை யார் அமைத்தனர், இதில் யார் தடுக்கப்பட்டனர், எந்த ஆண்டில் திறந்தது. மூன்றாவது வரி நிரம்பாத இடங்கள் உங்கள் குறிப்பேட்டில் இருக்கும். ஆய்வுக்குரிய தலைப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.